செய்தவர் கணக்கில் சேரட்டும்: மின் வண்டி பேட்டரியும் உற்பத்தியாளர் பொறுப்பும்

(ஆரணியை அடுத்த சேவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பேட்டரி. ஓடி ஓய்ந்த பேட்டரி. நம் தெருக்களில் ஓடுகின்ற சார்ஜ் வண்டிகளின் பேட்டரி செத்த பிறகு அது யாருடையது? காசு கொடுத்து வாங்கியவருடையதா? விற்ற கடைக்காரருடையதா? குப்பை அள்ளும் ஊராட்சியுடையதா? அல்லது அதைச் செய்து சந்தைக்கு அனுப்பிய நிறுவனத்துடையதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடத்தான் நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

சேவூரில் போய் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சேவூரில்தான் பேச வேண்டும். பாவும் ஊடையும் வாங்கி வர, நெய்த சேலையை ஆரணிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, இன்று எத்தனை வீடுகளில் சார்ஜ் வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் விற்கிற விலையில் அது நல்ல வண்டி. புகை இல்லை, சத்தம் இல்லை. வண்டியை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வண்டி நல்ல வண்டியாகவே கடைசி வரை இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நண்பர்களே, பழையதைத் திரும்ப எடுப்பது பட்டு நெய்கிற ஊருக்குப் புதிய பாடம் இல்லை. வீட்டில் ஒரு பழைய பட்டுப் புடவை. மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. அதைக் குப்பையில் போடுகிறோமா? தெருவில் குரல் கொடுத்து வருகிறாரே, பழைய பட்டு வாங்குபவர், அவரைக் கூப்பிடுகிறோம். அவர் முந்தானையை விரித்து ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிறார். வெள்ளி ஜரிகை என்றால் விலை சொல்கிறார். அந்த ஜரிகை உருக்கப்பட்டு வெள்ளி மீண்டும் வெளியே வருகிறது. சட்டம் போட்டா அந்தப் புடவை திரும்பி வந்தது? இல்லை. உள்ளே வெள்ளி இருந்தது, வந்தது. ஆனால் அதே மனிதர், தேய்த்துப் பார்த்துச் செம்பு ஜரிகை என்று தெரிந்தால் என்ன செய்கிறார்? புடவையை மடித்து நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காசு உள்ளது தானாகத் திரும்பும். காசு இல்லாதது திரும்பாது. நம் பேட்டரி விவகாரம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கும்.

ஒரு ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வெளியே ஓர் அலுமினியப் பெட்டி. இருபது கிலோவை ஒட்டிய எடை. மூடியைத் திறந்தால் உள்ளே டார்ச் லைட் செல் போன்ற உருளைகள், வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய நிக்கல் பட்டை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இடையில் பசையைக் காய்ச்சி ஊற்றியதுபோல் ஒரு பூச்சு. ஓரத்தில் ஒரு சிறிய மின்பலகை. எந்த செல் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது அதுதான். ஒவ்வொரு உருளைக்குள்ளும் ஒரு பக்கம் அலுமினியத் தகடு, இன்னொரு பக்கம் செம்புத் தகடு, நடுவில் தீப்பற்றக்கூடிய திரவம். அலுமினியத் தகட்டின் மேல் பூசிய கறுப்புப் பொடியில்தான் லித்தியம் இருக்கிறது. சில வகைகளில் நிக்கலும் கோபால்டும் சேர்ந்து இருக்கும். சில வகைகளில் லித்தியத்தோடு வெறும் இரும்பும் பாஸ்பேட்டும்தான்.

இங்கேதான் ஜரிகைக் கணக்கு வருகிறது. நிக்கலும் கோபால்டும் இருந்தால் அது வெள்ளி ஜரிகை. மறுசுழற்சி ஆலைக்காரர் காசு கொடுத்து வாங்க முன்வருவார். இரும்பு பாஸ்பேட் வகை என்றால்? சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், விலையும் குறைவு. வண்டி ஓட்டுகிறவருக்கு நல்லது. ஆனால் செத்த பிறகு அதை உடைத்துப் பிரிக்கும் செலவுக்கு உள்ளிருந்து கிடைக்கும் பொருள் ஈடுகொடுப்பது கடினம். அது செம்பு ஜரிகை. தேடி யாரும் வர மாட்டார்கள். யாரும் தேடி வராத பொருளை யார் எடுக்க வேண்டும்? செய்தவர்தான் எடுக்க வேண்டும்.

காசு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். உள்ளே ஈயம். ஈயத்துக்கு நல்ல விலை. அதனால் எந்த வீட்டிலும் பழைய ஈய பேட்டரி கிடந்து மட்குவதில்லை, எடைக்குப் போய்விடுகிறது. எங்கே போகிறது? முறையான ஆலைக்கும் போகிறது. முறையில்லாத உலைக்கும் போகிறது. அங்கே ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, பெட்டியைச் சம்மட்டியால் உடைத்து, திறந்த வெளியில் ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகை யார் மூச்சில் போகிறது? யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படத்தக்க அளவில் ஈயம் இருக்கிறது என்றது அந்த அறிக்கை. ஈய பேட்டரிகளை முறையின்றி உருக்குவதை அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டிக்காட்டியது.

இத்தனைக்கும் ஈய பேட்டரிக்கு 2001லிருந்தே நம் நாட்டில் விதி இருக்கிறது. விற்ற பேட்டரியில் 90 சதவீதம் வரை திரும்பப் பெற வேண்டும் என்று அந்த விதி சொன்னது. விதி இருந்தது. உலையும் எரிந்தது. காசு பொருளைத் திரும்பக் கொண்டுவரும். அது பாதுகாப்பான கைக்குத்தான் போய்ச் சேரும் என்பதற்குக் காசு உறுதி தராது. அந்த உறுதியைத் தர வேண்டியவர் யார்? மறுபடியும் அதே விடைதான். செய்தவர்!

லித்தியம் பேட்டரியைச் சம்மட்டியால் உடைத்தால் என்ன ஆகும்? ஈய பேட்டரி சொட்டும். இது பற்றி எரியும். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமே அதற்குத் தீக்குச்சி. எரியும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சு வாயு உண்டு. தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் மறுபடி கிளம்பலாம். 2022 மார்ச்சில் பக்கத்து வேலூரில் ஒரு வீட்டில், சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டரில் தீப்பிடித்து ஒரு தந்தையும் அவருடைய மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை நாம் மறக்கக் கூடாது. அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்புத் தரங்களை மத்திய அரசு கடுமையாக்கியது. ஓடுகின்ற வண்டிக்குத் தரம் வந்துவிட்டது. ஓய்ந்த பேட்டரி? அது காயலாங்கடை மூலையில், பழைய இரும்புக்கு நடுவில், வெயிலில் கிடக்கிறது.

இப்போது உங்களை ராணிப்பேட்டைக்கு அழைத்துப் போகிறேன். தூரம் ஒன்றும் அதிகம் இல்லை. ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்று ஓர் ஆலை 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. எந்திரம் நின்றது. சம்பளம் நின்றது. ஆனால் ஒன்று நிற்கவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு, மலைபோல் குவிந்து, அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து நிலத்தில் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாயிற்று. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டபோது அதில் நம் ராணிப்பேட்டை இருந்தது. ஆலை மூடி முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. லாபம் பார்த்தவர் கணக்கை முடித்துக்கொண்டார். கணக்கு முடியாமல் நிற்பது யாருக்கு? அந்த மண்ணில் விதைத்தவருக்கு. அந்தக் கிணற்றில் குடித்தவருக்கு.

அதே ராணிப்பேட்டையில்தான் 2021 நவம்பரில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. ஆம்பியர் வண்டிகள் அங்கே உருவாகின்றன. ஒசூரில் ஏதர், டிவிஎஸ். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா. இந்தியாவில் விற்கும் மின் இருசக்கர வண்டிகளில் பெரும்பங்கு நம் தமிழ்நாட்டில் செய்யப்படுவது. இது நமக்குப் பெருமை. நம் பிள்ளைகளுக்கு வேலை. இந்த நிறுவனங்கள் மீது நான் எந்தக் குற்றமும் சாட்டவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன். ஆலையில் விளக்கு எரியும்போதே பொறுப்பை எழுதி வாங்கிவிட வேண்டும். விளக்கு அணைந்த பிறகு கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. குரோமியம் நமக்குக் கற்பித்த பாடம் அது!

அந்தப் பாடத்தை நாட்டுக்கே சட்டமாக்கிக் கொடுத்ததும் நம் வட ஆற்காட்டு மண்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? தோல் கழிவால் பாலாறு கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், கெட்டதைச் சரிசெய்யும் செலவும் அவருடையதே என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. இன்று இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு அது. அதே தோல் கழிவு பற்றி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இடைவெளி! கெடுத்த பிறகு நீதி வாங்க இவ்வளவு காலம் பிடிக்கிறது. ஆகவே கெடும் முன்பே பொறுப்பைக் கட்டிவிடுவதுதான் அறிவு.

அந்த அறிவுக்கு உலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு. 1990இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் தம் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதிய அறிக்கையில் முன்வைத்த கருத்து இது. பொருளை விற்றதோடு உன் வேலை முடியவில்லை. அது பயன்பட்டு ஓய்ந்து மறுபடி மூலப்பொருள் ஆகும் வரை உன் பொறுப்பு நீள்கிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைசிச் செலவும் தன் தலையில்தான் விழும் என்று தெரிந்தால், செய்கிறவர் முதல் நாளே யோசிப்பார். பிரிக்க முடியாதபடி பசை ஊற்றுவாரா, திருகாணி வைப்பாரா? அடுத்தவர் செலவு என்றால் பசை. தன் செலவு என்றால் திருகாணி!

நம் நாட்டிலும் விதி வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. அந்த விதி என்ன சொல்கிறது? பேட்டரி செய்கிறவரும் இறக்குமதி செய்கிறவரும் தாங்கள் விற்றதைத் திரும்பச் சேகரித்து, மறுசுழற்சிக்கோ மறுபயன்பாட்டுக்கோ அனுப்ப வேண்டும். மண்ணில் புதைக்கக் கூடாது. எரிக்கக் கூடாது. மூன்று சக்கர மின் வண்டி பேட்டரிகளுக்கு 2024-25இலிருந்து, இருசக்கர வண்டிகளுக்கு 2026-27இலிருந்து, கார்களுக்கு 2029-30இலிருந்து சேகரிப்பு இலக்கு. மறுசுழற்சிக்குப் போகும் பேட்டரியிலிருந்து 2026-27 முதல் 90 சதவீதப் பொருளை மீட்டாக வேண்டும். 2027-28 முதல் புதிய பேட்டரியில் 5 சதவீதம் மீட்ட பொருள் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் உயர்ந்து 2030-31இல் அது 20 சதவீதம். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். இழப்பீடு கட்டிவிட்டதால் பொறுப்பு தீர்ந்துவிடாது, அதுவும் விதியில் உண்டு.

நல்ல விதி. மனமாரச் சொல்கிறேன், நல்ல விதி. அப்படியானால் இன்னும் என்ன குறை? குறை இருக்கிறது.

மறுசுழற்சி ஆலை, பேட்டரியை உடைத்துப் பொருளை மீட்டதற்கு ஒரு சான்றிதழ் பெறுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அந்தச் சான்றிதழை உற்பத்தியாளர் வாங்கித் தன் இலக்கில் கழித்துக்கொள்ளலாம். உத்தரப்பிரதேசத்தில் ஓர் ஆலை உடைத்த பேட்டரிக்கான சான்றிதழ், இங்கே விற்ற வண்டியின் கணக்கை நேர்செய்துவிடும். இலக்கு நிறைவேறியது என்று தாள் சொல்லும். சேவூர் பேட்டரி? அது சேவூரிலேயே கிடக்கும். தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிளாஸ்டிக்கே சாட்சி. பிளாஸ்டிக் கழிவுக்கும் இதே சான்றிதழ் முறைதான். அதில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டதை 2023இல் வாரியமே கண்டுபிடித்தது. பேட்டரியில் அந்தக் கதை நடக்க விடலாமா? விடக் கூடாது!

சில நிறுவனங்கள் கேட்கும்: சேகரிப்புச் செலவையும் சேர்த்தால் வண்டி விலை ஏறாதா? ஏறலாம், கொஞ்சம் ஏறலாம். ஆனால் அந்தச் செலவு இன்றைக்கும் இருக்கிறதே! விலைச்சீட்டில் இல்லை, அவ்வளவுதான். உடைக்கிற பையனின் நுரையீரலில் இருக்கிறது. தீப்பற்றும் கடையின் கூரையில் இருக்கிறது. ஊராட்சிக் குப்பைக் கிடங்கில் இருக்கிறது. அதை எடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபால்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோவில் தோண்டப்படுகிறது, சில சுரங்கங்களில் குழந்தைகளின் கைகளால். லித்தியத்துக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். அப்படி வந்த பொருளைக் காயலாங்கடையில் சிதறவிடுவது நாட்டுக்கே நட்டம். அதனால்தான் அரிய கனிமங்களை மறுசுழற்சியில் மீட்பவர்களுக்கு ஊக்கத்தொகையாக 1,500 கோடி ரூபாய் ஒதுக்க 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின் வண்டி பேட்டரிக்கும் ஒரு மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, எப்படிப் பிரிப்பது, எல்லாம் அதில் தெரியும். நம் வண்டிகளை அங்கே விற்கப்போகும் நிறுவனங்கள் அதைச் செய்துதான் தீர வேண்டும். ஐரோப்பியருக்குக் கொடுக்கிற விவரத்தை ஆரணிக்காரருக்குக் கொடுக்க என்ன தடை?

சரி, நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, முன்பணம். வண்டி விற்கும்போதே பேட்டரிக்கென்று ஒரு தொகையைத் தனியே வாங்கட்டும். பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரட்டும். இதற்கு 2022 விதியே இடம் கொடுக்கிறது. நடக்குமா என்று சந்தேகமா? டாஸ்மாக் காலி பாட்டிலைப் பாருங்கள். காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. பத்து ரூபாய் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரும் என்றால், சில ஆயிரம் ரூபாய் பேட்டரியைக் கொண்டுவராதா? செம்பு ஜரிகைக்கும் ஒரு விலை வைப்பது இதுதான்.

இரண்டாவது, இடம். வண்டி விற்கிற ஒவ்வொரு ஷோரூமும் பழைய பேட்டரி வாங்குகிற இடமாக இருக்க வேண்டும். விற்க ஆரணி வரை வரத் தெரிந்தவர்களுக்கு, எடுக்கவும் ஆரணி வரை வரத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கடை மூடினால் என்ன வழி? நேற்றுத் தொடங்கி இன்று காணாமல் போகும் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் விற்ற வண்டி நம் வீட்டில் நிற்கும், பெயர்ப்பலகை இருக்காது. ஆகவே விற்கும் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு பங்கை, தான் தொட முடியாத பொது நிதியில் நிறுவனம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ராணிப்பேட்டைக் குவியலுக்கு அப்படி ஒரு நிதி இருந்திருந்தால் அது எப்போதோ அகன்றிருக்கும்.

நான்காவது, என் காயலாங்கடை நண்பர்களே, உங்களுக்காக. இந்த ஊரின் பழைய பொருளை இத்தனை காலம் சேகரித்தவர்கள் நீங்கள். பெரிய ஆலை வந்தது என்று உங்களைத் தெருவில் நிறுத்தக் கூடாது. உங்களுக்குப் பயிற்சி வேண்டும், தீயணைக்கும் மணல் வேண்டும், பாதுகாப்பான பெட்டி வேண்டும். உடைப்பதை விட்டுவிடுங்கள், முழுசாக ஒப்படையுங்கள். முழுசாக ஒப்படைக்கும் ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியாளர் உங்களுக்குக் கூலி தரட்டும்.

நமக்கும் கடமை இருக்கிறது. பேட்டரி மேல் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைக் குறுக்கே அடித்த ஒரு படம் இருக்கும். குப்பையில் போடாதே என்று அர்த்தம். குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுப்பது விதிப்படி வாங்கியவரின் கடமை. உப்பிய பேட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத பேட்டரியை மாட்டாதீர்கள். பெயர் இல்லாத பொருளுக்குப் பொறுப்பாளியும் இல்லை. வண்டி வாங்கப் போகும்போது விலையைக் கேட்கிறோம், மைலேஜ் கேட்கிறோம், ஆஃபர் கேட்கிறோம். இனி நான்காவதாக ஒன்று கேளுங்கள்: ஓய்ந்த பேட்டரியை எங்கே கொடுப்பது, என்ன தருவீர்கள், எழுத்தில் கொடுங்கள். நூறு பேர் கேட்டால் கடைக்காரர் மேலே எழுதுவார். ஆயிரம் பேர் கேட்டால் நிறுவனம் இறங்கி வரும்.

தோழர்களே, வேலூரில் 1996 தீர்ப்பை வாங்கியவர்கள் மந்திரிகள் இல்லை, செல்வந்தர்களும் இல்லை. ஒரு குடிமக்கள் மன்றம். அவர்களுக்குக் கேட்கத் தெரிந்தது. நமக்கும் தெரியும். அடுத்த கிராம சபைக்குச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து திரண்டு செல்லுங்கள். ஷோரூம்கள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும், அதற்கான அறிவிப்பைக் கடை வாசலில் வைக்க வேண்டும், இந்த வட்டாரத்தில் எத்தனை பேட்டரி விற்றது, எத்தனை திரும்ப வந்தது என்ற கணக்கைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் அதற்கடுத்த கிராம சபையில் மறுபடியும் போடுங்கள். இருசக்கர வண்டிகளின் இலக்குக் காலம் 2026-27இல் தொடங்குகிறது. கேட்க வேண்டிய நேரம் இதுதான், கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.